நாற்பத்தொன்றாம் எண் இடது கால்

சண்முகவடிவின் இடது தொடை எலும்பில், முழங்காலுக்கு மூன்று விரல்கடை மேலே, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதை முதன்முதலில் பார்த்தவள் வந்தனா. மறைத்தவளும் அவளேதான். மறைப்பதற்கு அவளுக்குப் பதினோரு நிமிஷம் பிடித்தது.

வந்தனாவைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவாள். ரயிலில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் எழுந்து இடம் கொடுப்பாள். கெட்டவர்கள் செய்கிற கொடுமைக்குப் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. இந்த மாதிரி நல்ல பெண்கள் செய்வதற்குத்தான் கேட்பார் இல்லை.

செம்பூரில் ஒரு தனியார் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு வேலை. மனித எலும்பைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாகச் செய்கிற வேலை. ஸ்கேன் மிஷினிலிருந்து ஒரு கால் வந்து சேரும்போது, ரொட்டியை ஸ்லைஸ் போட்ட மாதிரி, ஆயிரத்துச் சொச்சம் படங்களாக வரும். ஒவ்வொரு படத்திலும் எது எலும்பு, எது சதை என்று எல்லை வரைந்து வண்ணம் பூச வேண்டும். அதன்பின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அடுக்கி ஒரு முழு எலும்பாக்கிக் கொடுக்கும். அந்த எலும்பின் தலையில் பாரத்தை ஏற்றி, மாடிப்படி ஏறினால் எவ்வளவு தாங்கும், தரையில் உட்கார்ந்து எழுந்தால் எந்த இடம் விட்டுக்கொடுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிற தகடும் மூட்டும் நம் பெண்களின் காலுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்பதால், அறுபது இந்தியப் பெண்களின் இரண்டு கால்களையும் இப்படி உருவமாக்கி, பணம் போடுகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு தொகுப்பாகக் கொடுப்பது என்று திட்டம். அறுபது பேர் காலும் நோய்நொடி இல்லாததாக இருக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் திட்டமும் கிடையாது, வந்தனாவுக்கு வேலையும் கிடையாது.

கால் கொடுத்தவர்களுக்கு அங்கே பெயர் இல்லை, எண்தான். பெயர்ப் பட்டியல் துறைத் தலைவர் சுந்தரராமனின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஆனால் நாற்பத்தொன்று யார் என்று தெரிந்துகொள்ள வந்தனாவுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. படத்திலிருந்து பெயரை எடுத்திருந்தார்கள். மெட்டியை எடுக்க முடியவில்லை.

அந்த மெட்டிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சண்முகவடிவு அதே நிறுவனத்தில் கூட்டிப் பெருக்கித் துடைக்கிறவள். திருநெல்வேலிக்குத் தெற்கே ஊர், தாராவியில் வீடு, வயது முப்பத்தெட்டு. ஆபீசில் எல்லோருக்கும் அவள் ‘மௌசி’, அந்த ஊர் பாஷையில் சித்தி. வந்தனாவுக்கும் மௌசிதான். காரியம் ஆக வேண்டிய நாளில் மட்டும் ‘வடிவக்கா’. பிப்ரவரியில் ஆள் போதாமல் திண்டாடிய ஒரு நாள் மௌசி வடிவக்கா ஆனாள்.

“வடிவக்கா, ஒரு ஸ்கேன். அரைமணி நேரம் படுத்துண்டா போறும்.”

“எனக்கு என்ன சீக்குன்னு ஸ்கேனு எடுக்கணும்?”

“சீக்கு இல்லாதவாளைத்தான் எடுக்கறோம். ஒரு செக்கப் மாதிரின்னு வெச்சுக்கோங்கோ. வெளியில எடுத்தா எத்தனை ஆயிரம் கேப்பான் தெரியுமா?”

சோதனையில் தெரியவருவது எதுவும் தனிப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது என்று படிவத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. வந்தனா அந்த வரியைக் கைவைத்து மறைக்கவில்லை. படித்துச் சொல்லவும் இல்லை. ‘செக்கப்’ என்ற ஒரு சொல்லை நம்பி சண்முகவடிவு கையெழுத்துப் போட்டாள்.

ஸ்கேன் அறையில் கொலுசைக் கழற்றினாள், இடுப்புச் சாவியைக் கழற்றினாள். இரண்டு கால் மெட்டியையும் கழற்றச் சொன்னபோது காலை இழுத்துக்கொண்டாள்.

“மெட்டிய மட்டும் கழத்த மாட்டேன். அவுக உசுரோட இருக்காவல்லா.”

‘அவுக’ என்பது அவள் புருஷன் செல்லப்பாண்டி. உல்லாஸ்நகரில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டு ஆறு வருஷம் ஆகிறது.

“அவர்தான் உங்களோடயே இல்லையே, வடிவக்கா?”

“எங்கூட இல்லாட்டா என்ன? உசுரோட இருக்காவல்லா?”

இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? மெட்டியோடு எடுத்தார்கள். படத்தில் பாத விரல்கள் வந்த இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் மத்தாப்புக் கொளுத்தின மாதிரி வெள்ளைக் கீற்றுகள் சிதறியிருந்தன. அது உலோகத்தின் நிழல். விரலோடு சரி. பக்கவாட்டில் சிதறுமே தவிர, கால்மேல் ஏறி முழங்காலுக்குப் போகாது. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

ஓட்டையைக் கண்டதும் வந்தனா வேலையை அப்படியே விட்டாள். எழுந்து ஓடிப்போய் சுந்தரராமனை அழைத்து வந்தாள். அதுவரைக்கும் அவள் பேரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“நாப்பத்தொன்னு லெஃப்ட் சார். ஓரமெல்லாம் அரிச்ச மாதிரி இருக்கு, பாருங்கோ.”

சுந்தரராமன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். முப்பது வருஷமாக எலும்பையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு அது என்னவென்று புரியாமல் இல்லை.

“இன்னிக்கு என்ன தேதி?” என்றார்.

“மார்ச் இருபத்திரண்டு.”

“எத்தனை முடிஞ்சிருக்கு?”

“இதுவும் முடிஞ்சா அறுபது.”

“இதைத் தள்ளினா அம்பத்தொன்பது. புதுசா ஒருத்தியைப் பிடிச்சு, எத்திக்ஸ் கமிட்டியில கேட்டு, ஸ்கேன் எடுத்து, நீ வரைஞ்சு… நடக்கற காரியமா சொல்லு.”

“அதுக்கில்லே சார். அந்தப் பொம்மனாட்டிக்குச் சொல்லணுமே?”

“எந்தப் பொம்மனாட்டி?”

“நம்ம மௌ…”

“நாப்பத்தொன்னு யாருன்னு உனக்குத் தெரியாது, வந்தனா. தெரிஞ்சிருக்கப்படாது. தெரியும்னு சொன்னா ரூலை மீறினது நீ.” குரலை உயர்த்தாமல், பிள்ளைகளுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். “உலோக நிழல்னு ஒரு வரி எழுதிடு. அதான் மெட்டி போட்டுண்டிருக்காளே.”

“மெட்டி கால் விரல்ல இருக்கு சார். ஓட்டை முழங்காலுக்கு மேல.”

“ரிப்போர்ட் படிக்கப்போற வெள்ளைக்காரனுக்கு மெட்டியை எங்க போட்டுப்பான்னு தெரியுமா?” என்று சொல்லி அவரே சிரித்தும்கொண்டார். “ரைட் நன்னா இருக்கோல்லியோ? அதைக் கண்ணாடியில காட்டினாப்பல திருப்பிப் போடு. அதான் லெஃப்ட். முடிஞ்சுது.”

திருப்பிப் போடுவது இந்த வேலையில் இல்லாத வழக்கம் அல்ல. ஒரு கால் நொறுங்கிப் போனவர்களுக்கு மறுகாலின் உருவத்தைப் புரட்டிப்போட்டு அளவெடுப்பார்கள். அது உடைந்ததைச் சரிசெய்ய. இங்கே உடையப்போவதை மறைக்க. வந்தனா உட்கார்ந்து, ‘உலோக நிழல்’ வரியைத் தட்டெழுதி, வலது எலும்பைப் புரட்டி, ‘நாற்பத்தொன்று இடது’ என்று பெயர் கொடுத்துச் சேமித்தாள்.  அன்று சாயங்காலம் அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு நாள், மேஜைக்கு அடியில் துடைத்துக்கொண்டே சண்முகவடிவு கேட்டாள்.

“எம்மா, என் காலு ஸ்கேனு பாத்தியளே, எப்படி இருக்கு?”

இந்த இடத்தில் வந்தனாவுக்கு எந்த ரூலும் குறுக்கே நிற்கவில்லை. ‘எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்கோ’ என்று சொல்ல எந்தக் கமிட்டியின் அனுமதியும் வேண்டாம். ஏன் காட்ட வேண்டும் என்று வடிவு கேட்டுவிடுவாளே என்ற பயம்தான். அந்தப் பயத்துக்கு ஒரு காலைப் பலி கொடுத்தாள்.

“நன்னா இருக்கு வடிவக்கா. கருங்கல்லு மாதிரி இருக்கு எலும்பு.”

சண்முகவடிவுக்கு முகமெல்லாம் பல். அந்தச் சொல்லைத் தாராவி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். குழாயடியில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள். ஜூனில் மழை பிடித்து முழங்காலுக்கு மேலே குத்தத் தொடங்கியபோது, டாக்டரிடம் போ என்ற பக்கத்து வீட்டுக்காரிகளிடமும் அதையே சொன்னாள். “பெரிய மிஷின்ல வச்சுப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லன்னு மேடமே சொல்லிட்டாவ. இது மழ வலி.”

வலி மட்டும் மழையோடு போகவில்லை. ஜூலையில் வாளியைத் தூக்கும்போது லேசாகச் சாய்ந்து நடந்தாள். வந்தனா பார்த்தாள். மறுநாளே மருந்துக்கடையில் வலிக்குத் தடவுகிற களிம்பு இரண்டு ட்யூப் வாங்கி வந்து கொடுத்தாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது. சண்முகவடிவு அந்த ட்யூபைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இதற்கிடையில் நாற்பத்தொன்றுக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது. கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு ஜோடி எலும்பை நிஜ அளவில் அச்செடுக்க வேண்டும் என்றார்கள். அறுபது ஜோடியிலும் இடதும் வலதும் இம்மி பிசகாமல் ஒத்துப்போனது நாற்பத்தொன்றுதான். ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? மனுஷப் பிறவியில் இரண்டு காலும் இத்தனை ஒன்றுபோல் இருக்காதே என்று அங்கிருந்த படித்த ஜனங்களில் ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. அந்த ஜோடியையே அச்செடுத்து, அடியில் விளக்குப் போட்டு நிறுத்தினார்கள்.

பெட்டியின் கண்ணாடியைத் தினமும் துடைப்பவள் சண்முகவடிவு. அது யாருடைய கால் என்று வந்தனா ஒரு நாள் அவள் காதோடு சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அடுத்த சனிக்கிழமை சண்முகவடிவு தன் மகள் மாரீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். காலேஜ் முதல் வருஷம் படிக்கிற பெண், வாயைத் திறந்தால் பாதி இந்தி.

“அம்மா, ஸச்சி? நெஜமாவா? இது உன் கால்?”

“பின்ன? போட்டா எடுட்டி. நல்லா எடு. இந்த எடது காலு நல்லா விழணும்.”

இடது எலும்புக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். வலிக்கிற காலைச் சற்று மடக்கி, வலது காலில் நின்றுகொண்டு சிரித்தாள். வந்தனா தன் நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலை ஏழரைக்கு, குர்லா ஸ்டேஷன் பாலத்துப் படியில், சண்முகவடிவின் இடது தொடை எலும்பு ஒடிந்தது. வழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. காலை எடுத்து மேல்படியில் வைத்தாள், உள்ளே ஏதோ படீரென்றது, அதன்பிறகுதான் விழுந்தாள். சயன் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்த டாக்டர் வயதில் சிறியவர், ஆனாலும் மடையர் இல்லை. எக்ஸ்ரேயில் உடைந்த இடம் கொஞ்சம் புகை படிந்த மாதிரித் தெரிவதைக் கவனித்தார். இதற்கு முன்னால் இந்தக் காலில் ஏதாவது ஸ்கேன் எடுத்ததுண்டா என்று கேட்டார்.

பத்தாவது நிமிஷம் மாரீஸ்வரியின் போன் வந்தது.

“மேடம், டாக்டர் பழைய ஸ்கேன் கேக்குறாரு. அதப் பாத்துட்டுத்தான் ஆபரேஷன் டிசைட் பண்ணுவாராம். ஜல்தி அனுப்புங்க மேடம், அம்மா ரொம்பக் கத்துறாங்க.”

வந்தனா சுந்தரராமனிடம் ஓடினாள். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“அசல் ஸ்கேன் வெளியில போகப்படாது. அது திட்டத்தோட சொத்து. நாம முடிச்சுக் கொடுத்த மாடல் இருக்கே, அதை அனுப்பு.”

“சார், அது ரைட்டைத் திருப்பினது.”

“அனுப்பலேன்னா ஏன் அனுப்பலேன்னு கேப்பான். அசலை அனுப்பினா ஏன் அன்னிக்கே சொல்லலேன்னு கேப்பான். நீ எழுதின வரி ரிப்போர்ட்ல இருக்கு. உன் பேர்ல இருக்கு.”

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோப்புகளும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் ஓட்டை, ஒன்றில் ஒன்றுமில்லை. ஒரு விரல் அசைவுதான் வித்தியாசம். இரண்டாவதை அழுத்தி அனுப்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பதை இதுவரைக்கும் பேச்சுக்குத்தான் கேட்டிருப்போம். டாக்டர் வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி நன்றி சொன்னார். ஆறு மாதம் முன்பு வரை எலும்பு சுத்தமாக இருந்திருக்கிறது, அப்படியானால் இது வெறும் முறிவு என்று முடிவு செய்து, மறுநாள் எலும்பின் உள்குழல் வழியாக மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பியை இறக்கினார்.

எலும்புக்குள் கட்டி இருப்பவர்களுக்குச் செய்யவே கூடாத வைத்தியம் அது. ஓரிடத்தில் கிடந்ததைக் கம்பி இடுப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விதைத்தது. அக்டோபரில் கால் வீங்கியது. நவம்பரில் பரேலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வருஷத் தொடக்கத்தில் வந்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு சிமெண்ட் வைத்து அடைத்திருக்கலாம், நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அங்கே சொன்னார்கள். சொல்லிவிட்டு இடது காலை இடுப்போடு எடுத்தார்கள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தனா ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு தாராவிக்குப் போனாள். போகாமல் இருந்தால் ஆபீசில் ஏதாவது நினைத்துக்கொள்வார்கள் என்பதும் அதில் ஒரு பங்கு. வீடு மாடியறை. ஏறுவதற்குச் சுவரோரம் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் சேலையில் கட்டி ஏற்றிவிட்டது, அதற்குப் பிறகு சண்முகவடிவு கீழே இறங்கவே இல்லை. வந்தனா செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏணியைப் பிடித்து ஏறினாள்.

சுவரில் மகள் எடுத்த அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதன் கீழே பாயில் சண்முகவடிவு சாய்ந்திருந்தாள். பாதி ஆளாகிவிட்டிருந்தாள்.

“வாங்கம்மா, வாங்க. எம்புட்டுத் தூரம் வந்திருக்கிய. ஏட்டி, மேடத்துக்குச் சேர் எடுத்துப் போடு.”

மாரீஸ்வரி சேரைப் போட்டாள். போட்டுவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? பெரிய ஹாஸ்பிட்டல்ல இது ஒரு வருஷமாவது உள்ள இருந்திருக்கும்னு சொன்னாங்க. நீங்க ஸ்கேன் எடுத்தது பிப்ரவரியில. அப்ப உங்க மிஷின்ல ஏன் தெரியல?”

வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் வந்தனா வந்தாள். பதில் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை வலது கால் கண்ணில் பட்டது. விரலில் வெள்ளி மெட்டி.

“மெட்டி” என்றாள். “மெட்டியைக் கழட்டச் சொன்னேனோல்லியோ அன்னிக்கு? போட்டுண்டே எடுத்தோம். அந்த உலோகத்தோட நிழல் விழுந்து மறைச்சுடுத்து. அதனாலதான் எங்களுக்குத் தெரியலே.”

தங்கு தடையில்லாமல் வந்தது. ஒரு நாள் வெள்ளைக்காரனுக்காகத் தட்டெழுதிய வரி, மெட்டியை எங்கே போட்டுக்கொள்வார்கள் என்று தெரிந்த வீட்டில் நின்று அவள் வாயாலேயே வந்தது.

மாரீஸ்வரி அம்மாவின் பக்கம் திரும்பினாள். “கேட்டியா? உல்லாஸ்நகர்ல எவ கூடவோ கிடக்குற ஆளுக்காக! அந்த ஆள் எட்டிக்கூடப் பாக்கல. அந்த ஆளோட மெட்டிக்காக உன் காலையே குடுத்துட்டியேம்மா! உனக்கு அக்கல் இருக்கா, புத்தி இருக்கா?” கத்தக் கத்த அழுகை வந்து, தலையில் அடித்துக்கொண்டாள்.

சண்முகவடிவு பாயில் கையூன்றி நிமிர்ந்தாள். வந்தனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னியளே தாயீ. நாந்தான் கேக்கல. எந்தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல.”

வந்தனாவுக்கு அப்போது வந்தது வெட்கமில்லை, அழுகையில்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. அந்த மூச்சு அவளுக்கே கேட்டது.

“ஏட்டி, சோப்ப எடுத்துட்டு வா” என்றாள் சண்முகவடிவு. “இதையும் கழத்து. இனிமே எனக்கு எந்த மெட்டியும் வேண்டாம்.”

மாரீஸ்வரி கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, அம்மாவின் ஒற்றைக் காலை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தாள். பத்தொன்பது வருஷத்து மெட்டி. விரலோடு இறுகிப்போயிருந்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்த பிறகுதான் நகர்ந்தது. சண்முகவடிவு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தனாவிடம் சொன்னாள்:

“எம்மா, மெட்டி இல்லாம இந்தக் காலயாவது ஒருக்கா எடுத்துப் பாத்துருங்க. இதுலயும் வந்துருமோன்னு ராத்திரி பூரா ஒறக்கமில்ல. எனக்கு மிச்சம் இது ஒண்ணுதான் இருக்கு.”

பாவம் வந்தனா. அந்த வீட்டில் சொல்வதற்கு அவளிடம் ஓர் உண்மை இருந்தது. ஆறுதலான உண்மை. அந்த வலது எலும்பை ஆயிரத்துச் சொச்சம் படங்களில் விளிம்பு விளிம்பாக வரைந்தவள் அவள். அதில் ஊசிமுனை அளவுக்குக்கூடக் குறை கிடையாது. இதையாவது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தவித்தது.

“அதுல ஒண்ணுமே இல்லே வடிவக்கா” என்றாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “நான் அன்னிக்கே பாத்துட்டேன். ரைட் கால் முழுக்கச் சுத்தமா இருக்கு. நான் சத்தியம் பண்ணித் தரேன், நிம்மதியாத் தூங்குங்கோ.”

சண்முகவடிவின் முகம் மலர்ந்தது. மலர்ந்தபடியே, மகளின் கையிலிருந்த மெட்டியை வாங்கிப் பார்த்தாள்.

“அப்படியாம்மா?” என்றாள். “இந்தக் காலுலயும் மெட்டி கெடந்துச்சுல்லா, இது மட்டும் எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?”

அவள் சூது வைத்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காலைத் துடைத்துக்கொண்டிருந்த மாரீஸ்வரியின் கை நின்றது. மெல்லத் தலையைத் தூக்கி வந்தனாவைப் பார்த்தாள்.